நிறம் என்று ஒரு கட்டம்

“நெறம்?” என்று கேட்டுவிட்டுப் பேனாவைப் படிவத்தின் மேல் நிறுத்தினாள் காவலர் மதிவதனி.

“மாநிறம்” என்றார் தனக்கோடி, யோசிக்காமல்.

பக்கத்தில் நின்ற மகன் இனியவன் சடாரென்று திரும்பினான். “பொய் சொல்லாதப்பா. அக்கா கறுப்பு. கறுப்புன்னே எழுதுங்க மேடம்.”

காணாமல் போனவள் அன்பரசி. வயது இருபத்தாறு. ஊதா சுடிதார். நேற்று விடிகாலை வீட்டைவிட்டுப் போனவள் இன்னும் திரும்பவில்லை. போன் வீட்டிலேயே கிடக்கிறது.

தனக்கோடிக்குச் சுருக்கென்றது. ஆறு வருசமாகத் தரகர்களிடம் அவர் சொல்லிவருகிற வார்த்தை மாநிறம். அதற்குத் தோதாக ஸ்டுடியோக்காரனும் போட்டோவை வெளுத்துக் கொடுத்திருந்தான். அந்தப் போட்டோதான் இப்போது மேசை மேல் கிடந்து சிரித்தது.

“டேய், நாளைக்கி அவ திரும்பி வந்தா கட்டிக்குடுக்க வேணாமா? ஸ்டேஷன் எழுத்துல கறுப்புன்னு ஏறிட்டா அழியுமாடா?”

“கறுப்புன்னா கேவலம்னு எவன் ஒனக்குச் சொல்லிக்குடுத்தான்? வெள்ளத்தோலு ஒசத்தின்னு நம்ம தலையில ஏத்துனது அரசியலுப்பா.”

“கறுப்புச் சட்டயப் போட்டுக்கிட்டுப் போயி மேடையில பேசு. பொண்ணப் பெத்தவன் நானு.”

“கூட்டம் போடறதுன்னா வெளிய போயிப் போடுங்க” என்றாள் மதிவதனி. “எனக்குக் கட்டம் நெரம்பணும்.”

தனக்கோடி போலீசையும் நம்பமாட்டார், படித்தவனையும் நம்பமாட்டார். மேசை மேல் குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்து, ‘மாநிறம்’ என்று ஏறிய பிறகுதான் நிமிர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், போட்டோவையும் அன்பரசியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். டீயைத் தொடாமல் எழுந்து போனார்கள். அந்த வெறுப்பில் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அதையெல்லாம் போலீசிடம் சொல்லவேண்டியதில்லை என்று அவருக்குப் பட்டது.

செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு முகமும் கையும் தீட்டுவது அவர் வேலை. மீந்ததை வீட்டுக்கு எடுத்துவந்தும் தீட்டுவார். வெள்ளையில் கொஞ்சம் ரோஸ், ஒரு சொட்டு மஞ்சள். அதற்கு உடம்புக் கலர் என்று பெயர். நேற்றுக் காலை அந்த டின் காலியாக உருண்டு கிடந்தது. பூனையைத் திட்டிவிட்டுத்தான் மகளைத் தேடவே போனார்.

மதிவதனி தன் போனை எடுத்து, போலீஸ் குரூப்பில் வந்ததையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

“நேத்து காலையில வேப்பூர்ல, ஹைவேஸ் ஓரமா ஒரு பொண்ணு அடிபட்டுக் கெடந்துருக்குது. உசுரு இருக்குது, நெனவுதான் இல்லியாம். ஊதா சுடிதாரு. இருவத்தஞ்சு வயசு இருக்கும்னு போட்டிருக்காங்க.”

இனியவன் மேசையைப் பிடித்துக்கொண்டான்.

“நெறம்?”

இந்த முறை கேட்டது தனக்கோடி.

மதிவதனி இரண்டு தடவை படித்தாள். “தெரியலன்னு போட்டிருக்காங்க. மொகம், கழுத்து, கையி, ஒரு எடம் விடாம பெயிண்ட்டாம். ரோஸு மாதிரி. நர்சுங்க தொடச்சும் போவலியாம்.”

 

தனக்கோடி தன் கையைப் பார்த்தார். பத்து நக இடுக்கிலும் அதே கலர்.

டின் உருண்டு கிடந்த இடத்தில், தரையில் ஒரு சொட்டுப் பெயிண்ட் இல்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்ன வார்த்தை இதுதான்:

“பொம்மைக்கி அடிக்கிறத ஒனக்கும் ரெண்டு கோட்டிங் அடிச்சி வுட்டாத்தான்டி எவனாவது கட்டுவான்.”