மூக்கு கோணாத கெண்டி

வயிறு வலிக்கச் சிரிக்க இந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது. அதற்காக இப்போதே பல்லைக் காட்டிவிடாதீர்கள். முதலில் அப்பா ஒரு கெண்டி வாங்கட்டும்.

சாதாரணக் கெண்டி இல்லை. பூ-எர் என்று ஒரு தேயிலை, கட்டியாக அழுத்தி வருஷக்கணக்கில் முற்றவிட்டது. அதில் டீ போடுவதற்கென்றே செய்த மண் கெண்டி.

ஆனால் அப்பாவுக்கு இதயம் படபடக்கிறதென்று, ஆறு மாதத்துக்கு டீயே கூடாது என்றுவிட்டார் டாக்டர். "உங்களுக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம்" என்று அம்மாவும் அன்றே சபதம் போட்டாள்.

அப்படியும் தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பா கிளம்பிவிடுவார். "கெண்டி பார்த்துட்டு வரேன். ஆறு மாசம் முடியறப்போ கையில இருக்க வேணாமா?"

ஏழு மணிக்கு வெறுங்கையோடு திரும்புவார். அவர் குரலிலேயே கேளுங்கள்: "ஒண்ணுக்கு மூக்கு கோணல். ஒண்ணுக்கு மூடி ஆடுது. இன்னொண்ணைத் தட்டினா ஜலதோஷம் பிடிச்ச மாதிரி சத்தம் வருது!"

இப்படியே மூன்று வாரம்.

அன்று எனக்குச் சாயங்கால டியூஷன் லீவு. அப்பா கிளம்பிப் போயாச்சு. அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு, "எங்கயாவது வெளிய போய்த் தொலையேண்டி" என்று என்னை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கெண்டியைச் சோதிச்சுப் பார்க்க அப்பா போற கெண்டிக் கடையில டீ போட்டுக் குடுப்பாங்க, தெரியுமா?" என்று பற்ற வைத்தேன்.

அம்மா முகம் சிவந்தது. "நான் இங்க ஒரு சொட்டு தொடாம கிடக்கேன். இவரு அங்க கெண்டி கெண்டியா ஊத்திக்கிறாரா? மறுபடி படபடன்னு வந்தா யாரு ஓடுறது?"

"கையும் களவுமாப் பிடிச்சுத் தரவா?"

சிரிப்பா? இதோ, வந்துகொண்டே இருக்கிறது. கடை நம்பரைப் போட விடுங்கள்.

ஸ்பீக்கரை ஆன் செய்தேன். டாக்டர் மாதிரி தொண்டையைக் கனைத்து, மூக்கால் பேசினேன். "ம்ஹும்... டாக்டர் பேசறேன். கெண்டி பார்க்க தினம் ஒருத்தர் வர்றாரே, அவருக்கு ஒரு கப் டீ கூடக் குடுக்கக்கூடாது. இதயம்!"

கடைக்காரர் யோசித்தார். "டாக்டரா? அப்ப என் எதிர்ல உட்கார்ந்து மூணாவது கப் குடிக்கிற டாக்டர் யாருங்க?"

நான் இன்னொரு தடவை கனைத்துப் பார்த்தேன்.

"அவர் பொண்ணுதானே? நீ குரல் மாத்திப் பேசுவேன்னு உங்கப்பா சொல்லியிருக்காரு. பயப்படாதே பாப்பா, அவர் டீயைத் தொடறதே இல்லை. வருஷக்கணக்கா டீ ஊறிப் பழகின கெண்டி ஒண்ணு இங்க இருக்கு. வெறும் வெந்நீர் ஊத்தினாலே டீ வாசனை வரும். அதை மோந்துக்கிட்டே மணியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு."

"மணி எதுக்கு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "டீ இல்லேன்னா உங்கம்மாவுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்குமாம். இவர் எதிர்ல குடிக்க மாட்டாங்களாம். ஒளிச்சு வெச்ச டீத்தூளை நிம்மதியாப் போட்டுக் குடிக்கட்டும்னு ரெண்டு மணி நேரம் இங்க வந்துடறாரு. கெண்டியை வாங்கிட்டா அப்புறம் வெளிய வர்றதுக்குச் சாக்கு ஏது? அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே பாப்பா!"

நான் ஸ்பீக்கரை அணைக்கத் தடவினேன். அம்மா போனையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"அடப்பாவி மனுஷா! அப்ப தினம் வாசல்ல நின்னு அஞ்சு நிமிஷம் செருப்பைத் தட்டித் தட்டி உதறுறது... நான் டம்ளரைக் கழுவறதுக்கா?"