இருபத்தொன்றாம் கேள்வி

“போர்ட்” என்று கூறிவிட்டு ஒலிவாங்கியின் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

“தூக்கிட்டுப் போறது,” என்றது குரல். “போர்ட்டர். எக்ஸ்போர்ட். டிரான்ஸ்போர்ட்.”

மழைக்கால இரைச்சலில் எல்லாருடைய குரலும் மெலிந்துதான் வரும். அன்று ஐல்சா டன்டாஸின் குரல் நூலிழையாக வந்தது.

பேச்சு முடிந்ததும் ‘ஓவர்’ என்று கூற வேண்டும். அவள் கூறவில்லை. கண்டித்தேன். அடுத்த பதிலிலும் அவள் கூறவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு அது. தொலைதூரப் பண்ணைப் பிள்ளைகளுக்கு இருவழி வானொலியில் பாடம் நடத்தும் பள்ளியில் நான். இருநூறு மைலுக்கு அப்பால், மாட்டுப் பண்ணை வீட்டில், பதினொரு வயது ஐல்சா. நகரத்து விடுதிப் பள்ளியில் எங்கள் வட்டாரத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது ஒரே ஓர் இலவச இடம். அதற்கான தேர்வில் கடைசி மாணவி அவள். பத்து மணிக்கு அலைவரிசை, பண்ணை நோயாளிகளுடன் பேசும் மருத்துவருடையதாகிவிடும். முடிவு அன்று பகலுக்குள் தந்தியில் போயாக வேண்டும்.

ஒரு லத்தீன் வேரை நான் சொல்வேன். அதன் பொருளையும், அதிலிருந்து பிறந்த மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஒரு நிமிடத்துக்குள் கூற வேண்டும். அகராதியை நெட்டுருப் போட்டவர்கள் நான்காம் கேள்வியிலேயே விழுந்துவிடுவார்கள். வேர்களைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிய கல்வித்துறை அறிவாளிகளை அமரவைத்து இத்தேர்வை நடத்த வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

அலைவரிசை பொதுவானது. பண்ணைப் பெண்கள் அடுப்படியில் வானொலிப் பெட்டியைத் திறந்துவைத்துப் பாடங்களைக் கேட்பார்கள். நடுநடுவே கருத்தும் கூறுவார்கள். ஆகவே முன்கூட்டியே எச்சரித்திருந்தேன்: இடையில் எவர் குறுக்கிட்டாலும் மாணவியின் தேர்வு செல்லாது.

ஒருவரும் குறுக்கிடவில்லை.

“ஆடி.”

“காது குடுத்துக் கேக்கறது. ஆடியன்ஸ். ஆடியோ. ஆடிட்டோரியம்.”

அந்த வீட்டு நாய்கள் என் பாடங்களில் எப்போதும் குரைத்துக்கொண்டிருப்பவை. அன்று அவை குரைக்கவில்லை. குரலுக்குப் பின்னால் நீரின் சலசலப்பு மட்டும் கேட்டது.

பதினாறாம் கேள்வியின்போது ஒன்று நடந்தது. பொத்தானை நான் அழுத்திக்கொண்டிருக்கும்வரை எதிர்முனை எனக்குக் கேட்காது. கருவியின் அமைப்பு அப்படி. விரலை எடுப்பதற்கு முன்பே பதில் வந்தது.

விரல் நழுவியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

இருபதுக்கு இருபது. நாற்பது ஆண்டுகளில் அந்த எண்ணை நான் எழுதியது அதுவே முதன்முறை.

“இடம் உனக்குத்தான், ஐல்சா. ஆனா அங்க போறதுக்குள்ள ஓவர் சொல்லப் பழகிக்கோ. ஓவர்.”

“இப்பவாவது நாங்க உள்ள நுழையலாமா சார்?” அது திருமதி பெண்ட்ரி. டன்டாஸ் குடும்பத்துக்கு நாற்பது மைல் தள்ளி வாழும் அண்டை வீட்டுக்காரர். “ஐல்சாவும் அவ அம்மாவும் நேத்து சாயங்காலமே எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. ஆறு பொங்கி அவங்க வீட்டுக்குள்ள கழுத்தளவு தண்ணி. ரேடியோவும் அதுக்குள்ளதான் கெடக்கு. நீங்க பேரக் கூப்பிட்டதும் இவ இங்கேர்ந்து பேசப் போனா. அதுக்குள்ள அங்கேர்ந்து பதில் வந்துடுச்சு. ஓவர்.”

“இத முதல் கேள்வியிலயே சொல்றதுக்கென்ன? ஓவர்.”

“சொல்லத்தான் போனேன். நெஸ்டா என் கையப் புடிச்சுக்கிட்டா சார். இன்னும் விடல. ஓவர்.”

நெஸ்டா, ஐல்சாவின் தாய். அவருடைய கடைக்குட்டியைச் சென்ற மழைக்காலத்தில் அதே ஆறு கொண்டுபோயிருந்தது. வயது ஐந்து. அதற்குச் சில வாரங்கள் முன்பு எனக்கு எழுதிய கடிதத்தில், அக்கா பாடம் கேட்கும்போது அவன் மேசைக்கடியில் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான், அடுத்த ஆண்டு அவனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தார்.

அவன் என் பதிவேட்டில் ஏறவில்லை. அவன் குரலை நான் கேட்டதே இல்லை.

மணி பத்தாக ஆறு நிமிடம் இருந்தது. வானிலை மோசமானால் ஐந்து கேள்விகளோடு தேர்வை முடிக்க விதி இடம் தருகிறது. ஐல்சாவுக்குப் புதிய கேள்விகள் ஐந்து கேட்க, நேரம் சரியாக இருந்தது. அதைத் திருமதி பெண்ட்ரியிடம் கூறினேன்.

ஆறு நிமிடம் ஐந்தாயிற்று.

“எனக்கு வேணாம் சார்.” இம்முறை உண்மையிலேயே ஐல்சா, தடித்த, சளி பிடித்த குரல். “அம்மா ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். ஓவர்.”

அடுத்துப் பேசியவரின் குரலை நான் அடையாளம் காண்பதற்குச் சற்று நேரம் பிடித்தது.

“அவன்கிட்ட இன்னும் ஒண்ணே ஒண்ணு கேளுங்க சார். பதில் நீளமா வர்ற மாதிரி.”

விதியில் இருபத்தொன்றாம் கேள்வி என ஒன்று இல்லை. ஏட்டைப் புரட்டி, ஆக அதிகமான சொற்களைப் பெற்றிருந்த வேரைக் கண்டெடுத்தேன். அதைத் தெளிவாக இருமுறை உச்சரித்தேன். மூன்றோடு நிறுத்த வேண்டியதில்லை, தெரிந்தவை அனைத்தையும் கூறலாம் என்றேன்.

பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

சிறு பிள்ளைகள் நீளமாக ஒப்பிக்கத் தொடங்கும்முன் நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பார்கள். அந்த ஓசை கேட்டது.