வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும்

"நீ காய்கறித் தோட்டத்துக்குப் போயிடு, கிளைவ். அதிகாரிங்க வந்து பார்த்துட்டுக் கிளம்பினப்புறம் வந்தாப் போதும்" என்றாள் அவன் மனைவி லோர்னா, மூன்றாவது தடவையாக.

"மழை பெய்யுது."

"பெய்யட்டும். அங்கேதான் கொட்டகை இருக்கே!"

கிளைவ் நாற்காலியை விட்டு அசையவில்லை. இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

லோர்னா வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனியை மூடி ஐந்து மாதமாகிறது. அடுத்த மாதமே நகராட்சியின் குழந்தைக் காப்பகமும் மூடப்பட்டது. பெற்றவர்கள் கூச்சல் போடவே, வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களைப் பதிவு செய்யும் ஓர் ஏஜென்சியுடன் நகராட்சி கைகோத்தது. முதல் ஆளாக மனுப் போட்டவள் லோர்னா. முன்னறை சுவரெல்லாம் மஞ்சள் அடித்து, சுவரிலுள்ள பிளக் துளைகளுக்கு மூடி போட்டு, மாடிப்படிக்குக் குட்டிக் கதவும் மாட்டிவிட்டாள். பக்கத்து வீட்டு டானியாவுக்குத் திங்கட்கிழமை பஸ் ஓட்டும் வேலை தொடங்குகிறது. அவளுடைய இரண்டு வயது இரட்டையர்களுக்கு இந்த வீட்டை விட்டால் வேறு இடமில்லை.

எல்லாம் சரி. மனுவில் ஒரே ஒரு வரிதான் கிளைவின் தொண்டையில் மாட்டிக்கொண்டது. 'வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவருக்கும் குற்றப் பதிவு குறித்த போலீஸ் சான்று வேண்டும்.'

தனக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். சான்று இன்னும் தபாலில் வரவில்லை. நேற்று லோர்னா தொலைபேசியில் மெதுவாகப் பேசியதை மாடிப்படியில் நின்று கேட்டான். "போலீஸ் விஷயந்தானே... புரியுது. இல்லை, கிளைவுக்கு எதுவும் தெரியாது. நேர்ல பேசிக்கலாம்."

அழைப்பு மணி அடித்தது.

வந்தவர்கள் இருவர். ஏஜென்சியிலிருந்து பிரியோனி என்ற இளம்பெண். நகராட்சியிலிருந்து திருமதி அக்தர். அறையைப் பார்த்தார்கள், கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார்கள், தேநீருக்கு உட்கார்ந்தார்கள்.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க, லோர்னா" என்றாள் பிரியோனி. "அப்புறம், அந்தப் போலீஸ் விஷயம்..."

"கிளைவ், கடைக்குப் போயி ரொட்டி வாங்கிட்டு வாயேன்" என்றாள் லோர்னா அவசரமாக.

கணவனின் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று தோன்றியதும் கிளைவால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றான்.

"வேண்டாம் லோர்னா, நானே சொல்லிடறேன். அப்போ எனக்குப் பதினேழு வயசு. பால்காரரோட பேட்டரி வண்டியைத் திருடிக்கிட்டு ஓட்டிட்டேன். தண்ணி போட்டிருந்தேன்."

திருமதி அக்தர் கோப்பையைக் கீழே வைத்தார். "யார் மேலயாவது மோதிட்டீங்களா?"

"அது எங்கேம்மா மோதும்? ஆள் நடக்கிற வேகந்தான் போகும். போலீஸ்காரர் பக்கத்துலயே நடந்து வந்து, 'இறங்கு தம்பி'ன்னார். எச்சரிச்சு அனுப்பிட்டாங்க."

பிரியோனி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். கிளைவ் அதைக் கவனிக்கவில்லை.

"இருபத்தாறு வருஷமா இவகிட்ட மறைச்சிட்டேன். திருட்டுப் பயலைக் கட்டிக்கிட்டோம்னு நினைப்பாளேன்னு பயம். அதுக்காக இவளைத் தண்டிச்சிடாதீங்க. நான் வேணும்னா என் தம்பி வீட்டுக்குப் போயிடறேன். இந்த வீட்ல நான் இல்லைன்னா இவளுக்குப் பதிவு கிடைக்குமில்ல?"

லோர்னாவின் கண்கள் தளும்பிவிட்டன.

"அட மனுஷா" என்றாள். "இதையா இத்தனை வருஷமா வயித்துக்குள்ள வச்சிருந்தே?"

"உட்காருங்க, கிளைவ்" என்றாள் பிரியோனி. "உங்க சான்று பத்தி இன்னைக்குக் காலையிலதான் தகவல் வந்துச்சு. சுத்தமா இருக்கு. சின்ன வயசுல வாங்கின எச்சரிக்கையெல்லாம் அதுல வர்றதே இல்லை."

"வரலையா?"

"ஒரு எழுத்துகூட இல்லை."

"அப்போ பதிவு?"

"கொடுத்தாச்சு" என்றார் திருமதி அக்தர். "திங்கட்கிழமையே இரட்டையர்கள் வரலாம்."

கிளைவ் பொத்தென்று நாற்காலியில் விழுந்தான். சிரித்தான். சிரிப்போடு அழுகையும் வந்தது. இரண்டையும் கைக்குட்டையால் ஒன்றாகவே துடைத்துக்கொண்டான். மூச்சு முழுசாக உள்ளே போய் வந்து எத்தனை வாரமாயிற்று! லோர்னா அவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

திடீரென்று அவனுக்கு உறைத்தது. நிமிர்ந்தான்.

"என் சான்று சுத்தம்னா, நேர்ல பேசணும்னு சொன்ன போலீஸ் விஷயம் என்ன?"

அதிகாரிகள் இருவரும் லோர்னாவைப் பார்த்தார்கள். அவள் சம்மதமாகத் தலையை ஆட்டினாள்.

"உங்க மனைவி தானாவே மனுவுல எழுதிக் கொடுத்தது" என்றார் திருமதி அக்தர். "அணுகுண்டு வேண்டாம்னு மத்த பெண்களோட சேர்ந்து விமானப்படைத் தளத்து வேலியை வெட்டிட்டு, அபராதம் கட்ட மாட்டேன்னு பத்தொன்பது வயசுல பதினாலு நாள் ஜெயில்ல இருந்திருக்காங்க. அதனால பதிவுக்கு எந்தத் தடையும் இல்லைன்னு சொல்லத்தான் வந்தோம்."

கிளைவ் வாயைப் பிளந்தபடி மனைவியைப் பார்த்தான்.

"நாம பழகின முதல் வாரமே அந்தப் பொம்பளைங்களை டி.வி.யில பார்த்து, 'இவங்களையெல்லாம் பிடிச்சு உள்ளே தள்ளணும்'னு கத்தினியே, கிளைவ்" என்றாள் லோர்னா. "தள்ளிட்டு வெளியேயும் விட்டுட்டாங்கன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?"