நாலு செகண்ட்

"ஐயோ, அடிக்காதீங்க! உங்க கால்ல விழறேன், விட்டுடுங்க!"

மூடியிருந்த அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கதறியதும், அப்போதுதான் வாசல் ஏறியிருந்த கள ஆய்வாளருக்குப் பகீரென்றது. கதவைத் திறந்துவிட்ட அந்த வீட்டுப் பெண்ணின் கணவனோ, உதட்டில் விரலை வைத்து "ஷ்!" என்றான்.

"செருப்பை வெளியவே விடுங்க மேடம். போனை சைலன்ட்ல போட்டுட்டு இப்படி உக்காருங்க. சின்னச் சத்தம்கூட கேக்கக் கூடாது."

ஆபீசில் இந்த ஆய்வாளருக்கு சிஐடி என்று பெயர். டப்பாவில் ஒரு பிஸ்கட் குறைந்தால்கூட விசாரணைக் கமிஷன் வைக்கிற ரகம். ஆனால் இன்றைக்குச் சந்தேகப்படக் காரணம் இருந்தது. அச்சடித்த காகிதமாக அது பைக்குள்ளேயே இருந்தது.

மனநலத்தைப் பற்றிய ஆய்வு அது. சம்மதித்த பெண்களின் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுப்பார்கள். பேசுகிற வார்த்தைகளை அது பதிவு செய்யாது. அழுகையா சிரிப்பா, எத்தனை மணிக்கு, எத்தனை செகண்ட் என்று மட்டும் குறித்துக்கொள்ளும். அழுகைக்குச் சிவப்புப் புள்ளி, சிரிப்புக்குப் பச்சை.

இந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மாதமாகக் காலை பதினோரு மணி ஆனால் போதும், அம்மை போட்ட மாதிரி ஒரே சிவப்பு. அது நிஜமான அழுகைதான் என்று சிஐடி எழுதினால், ஆலோசகர் அந்தப் பெண்ணைத் தனியாக வரவழைத்துப் பேசுவார், வேண்டிய உதவி கிடைக்கும். இல்லையென்று எழுதிவிட்டால் இன்றோடு அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

கூடத்தில் புழுங்கித் தள்ளியது. ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அறைக் கதவில் தடிக் கம்பளி ஒன்று வேறு தொங்கியது. சத்தம் வெளியே போகக் கூடாதென்று என்னமாய் ஏற்பாடு செய்திருக்கிறான் படுபாவி! ஆனால் இவன் இங்கே இருக்கிறான் என்றால், உள்ளே அடிப்பது யார்? மாமியாரா, மச்சானா?

"நீங்க இன்னிக்கு வேலைக்குப் போகலையா சார்?" என்று கிசுகிசுத்தாள்.

"நீங்க வரப்போறதா நேத்து இவகிட்ட போன்ல சொன்னீங்களாமே. அதான் லீவு போட்டுட்டேன்."

உள்ளே மறுபடியும் கதறல். இனிப் பொறுக்க முடியாது என்று சிஐடி எழுந்து ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

அறைக்குள் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். காதில் ஹெட்போன், முன்னால் மைக். எதிரே திரையில் யாரோ ஒரு நடிகை கைகூப்பிச் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தாள்.

"போச்சு, டேக் போச்சு!" என்று அந்தப் பெண் தலையில் கைவைத்தாள்.

டப்பிங் கலைஞராம். தினமும் பதினோரு மணிக்கு ஒரு சீரியலுக்கு வீட்டிலிருந்தே குரல் கொடுக்கிறாளாம். அந்தக் கதையில் இவள் பேசுகிற மருமகளுக்கு அழுவதைத் தவிர வேறு வேலையே கிடையாதாம். சிஐடி அசடு வழிந்தாள். கணவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னை வில்லன்னே முடிவு பண்ணிட்டீங்க, இல்ல மேடம்?" என்றபடி அவன் ஃபேனைப் போட்டான். லொடலொடவென்று அது எழுப்பிய சத்தத்தில், எதிரில் இருப்பவர் பேசுவதே பாதிதான் கேட்டது. ரெக்கார்டிங் நேரத்தில் ஏன் நிறுத்தி வைக்கிறார்கள் என்று சிஐடிக்குப் புரிந்தது.

"எவ்ளோ நேரம் அழணும்னு எப்படிங்க தெரியும்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

அவள் கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். "வாய் எவ்ளோ நேரம் அசையுதோ அவ்ளோதான் மேடம். பன்னெண்டு செகண்ட் அழணும்னா பன்னெண்டு. நாலு செகண்ட் சிரிக்கணும்னா நாலு. உள்ளுக்குள்ள ஒரு கடிகாரம் ஓடிட்டே இருக்கும்."

"சிரிப்புன்னதும் ஞாபகம் வருது. நான் சொன்னா போதும், அடுத்த நிமிஷம் சிரிப்பா," என்றான் கணவன் பெருமையாக. "எங்க, மேடத்துக்கு ஒரு தடவை சிரிச்சுக் காட்டு."

அவள் சிரித்தாள். கணீரென்று, கேட்பவருக்கும் தொற்றிக்கொள்கிற மாதிரி சிரித்தாள். பிறகு டக்கென்று நிறுத்தினாள்.

சிஐடி காகிதத்தை விரித்து, பதினோரு மணிச் சிவப்பை எல்லாம் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தாள். மிச்சமிருந்தது பச்சை மட்டும்தான். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நாலு செகண்ட், நாலு செகண்ட், நாலு செகண்ட் என்று ஒழுங்காக இறங்கி வந்தது.

"ஏழு மணிக்கு என்ன விசேஷம்?"

"நான் ஆபீஸ் விட்டு வர்ற நேரம்," என்றான் கணவன்.

"பாத்தீங்களா! புருஷன் தலையைப் பாத்ததும் சிரிப்பு. கொடுத்து வச்சவங்க நீங்க," என்று அந்தப் பெண்ணிடம் சொன்ன சிஐடி, அடியில் 'பிரச்சினை இல்லை' என்று எழுதினாள். வீணாக ஒரு நல்ல மனுஷனைச் சந்தேகப்பட்டோமே என்று தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது. கையெழுத்துக்காகக் காகிதத்தை நீட்டினாள்.

அந்தப் பெண் பேனாவை வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. லொடலொடத்துக்கொண்டிருந்த ஃபேனுக்கு அடியில், உதடு அசையாமல், சிஐடியின் காதுக்கு மட்டும் எட்டுகிற குரலில் அவள் சொன்னாள்.

"அந்தச் சிரிப்பும் டப்பிங்தான் மேடம்."