பத்தாவது உறை

"ஒன்பது பேரும் சொல்லி வச்ச மாதிரி பொய் சொல்லுவாங்களாம்மா? உன் கவர்தான் பொய் சொல்லுது!"

முதலாளி மேசையைத் தட்டிய வேகத்தில், அடுக்கி வைத்திருந்த உறைகள் சரிந்து தரையில் விழுந்தன. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

ஆறு மாத உழைப்பு. தேர்வுக் கேள்வித்தாள்களைத் தபாலில் அனுப்புவதற்கென்றே அவள் வடிவமைத்த உறை அது. எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்ல உள்ளே நகத்தளவு சில்லு. வாய் மடிப்பில் தலைமுடி போல ஒரு கம்பி. யாராவது பிரித்தால் கம்பி அறுந்து, பிரித்த இடமும் நேரமும் அவள் செல்போனுக்கு வந்துவிடும்.

நாளைக் காலை தேர்வுத் துறை அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். இந்த ஆர்டர் கிடைத்தால்தான் மூடிக் கிடக்கும் இரண்டாவது இயந்திரம் ஓடும். வேலையில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய எட்டுப் பேரும் திரும்பி வருவார்கள்.

சோதனைக்காகப் பத்து ஊர்களில் இருக்கும் பத்துச் சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு உறை அனுப்பியிருந்தாள். "பிரிச்சுடாதீங்க, அப்படியே திருப்பி அனுப்புங்க" என்று போனில் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். ஒரே வாரத்தில் அவள் செல்போன் ஒன்பது முறை கூவியது. சித்தி வீட்டு உறை பிரிக்கப்பட்டது காலை பதினொன்று இருபதுக்கு. தபால்காரர் கொடுத்துவிட்டுப் போய் நான்கே நிமிடம்!

கேட்டால் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

"தொட்டிருந்தா என் கை விளங்காமப் போகட்டும்" என்றாள் சித்தி.

"மேசை மேல வச்சதோட சரி" என்றார் மாமா.

போதாக்குறைக்கு, ஒட்டிய தடம் தெரியாமல் அத்தனை நேர்த்தியாக மறுபடி ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

"வண்டி ஆடின ஆட்டத்துல கம்பி அறுந்திருக்கும். நாளைக்கு அவங்க முன்னாடியும் சும்மாச் சும்மா கூவிச்சுன்னா நம்ம மானம் கப்பலேறிடும். வேணாம்மா, வர வேணாம்னு சொல்லிடறேன்." முதலாளி போனை எடுத்தார்.

"அஞ்சே நிமிஷம் கொடுங்க சார்."

அவள் பெரியப்பாவை அழைத்து, ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"பெரியப்பா, ஒரு சின்னச் சந்தேகம். உங்க கவருக்குள்ள இருந்த மஞ்சத் தாள் நனைஞ்சிருக்கு. அங்க மழையா?"

"மஞ்சளா? வெள்ளைத் தாள்தானேம்மா இருந்துச்சு!"

சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் இரண்டு இருமல்.

"அது வந்தும்மா... உன் பெரியம்மாதான் பார்த்துடலாம்னு... சரி, போகட்டும். அதுக்காக அதுல அப்படியா எழுதி வைப்ப? பெரியவங்கன்னு ஒரு மரியாதை வேணாம்?"

முதலாளியின் மீசைக்கடியில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அடுத்து சித்தி மாட்டினாள். அதற்கடுத்து மாமா. நான்காவது எண்ணை அவள் தேடும்போது முதலாளியே கையெடுத்துக் கும்பிட்டார்.

"போதும்மா. பாவம், விட்டுடு. உன் கவர் அரிச்சந்திரன்தான், ஒத்துக்கறேன். ஆமா, பத்தாவது என்னாச்சு?"

"இன்னைக்குத்தான் வந்துச்சு சார். இது மட்டும் கூவவே இல்ல." அவள் குரல் இறங்கியது. "எங்க மாமியாருக்கு அனுப்பினது."

அனுப்பும்போது மற்ற ஒன்பது பேரைப் பற்றி அவளுக்கு நிச்சயமில்லை. மாமியார் பிரிப்பார் என்பதில் மட்டும் துளிச் சந்தேகமும் இருந்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து, ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அவள் அலமாரியில் அவர் கைபடாத பொருள் கிடையாது. அப்படிப்பட்டவர் ஒருவர்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார். நினைக்க நினைக்க அவளுக்கு உறுத்தியது. போனை மறுபடி எடுத்தாள்.

"அத்தை, என்னை மன்னிச்சுக்குங்க. உங்களத் தப்பா நினைச்சுட்டேன்."

"என்னன்னு நினைச்சே?"

"நீங்கதான் முதல்ல பிரிப்பீங்கன்னு..."

மாமியார் கடகடவென்று சிரித்தார். "மன்னிப்பு, பாராட்டு எல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல கவரைப் பிரிச்சுப் பாரு. எனக்கு வேலை கிடக்கு, வைக்கிறேன்."

"என்ன ஒரு பெருந்தன்மை!" முதலாளி உருகிப்போனார். "இந்தம்மா மாதிரி பத்துப் பேர் இருந்தா உலகத்துல கவரே ஒட்ட வேணாம். எங்க, அதைப் பிரி. என் காதால ஒரு தடவை கேட்டுடறேன்."

அவள் வாய் மடிப்பைக் கிழித்தாள். கிழித்த கையோடு செல்போன் கூவியது. முதலாளி குழந்தை மாதிரி கைதட்டினார்.

"நாளைக்கு வரட்டும் அதிகாரிங்க! ஆர்டர் நமக்குத்தான். ஆமா, உங்க பெரியப்பா கோவிச்சுக்கற அளவுக்கு அப்படி என்னதான் எழுதி வச்சே?"

உள்ளிருந்த தாளை உருவி, உரக்கப் படித்தார். "'இதைப் படிக்கிறீர்களா? அப்படியானால் பிரித்துவிட்டீர்கள். வெட்கமாக இல்லையா?'"

விழுந்து விழுந்து சிரித்தவர், பாதிச் சிரிப்பில் நின்றார். தாளை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் எழுதியதற்குக் கீழே, மாமியாரின் குண்டு குண்டான கையெழுத்து: "இல்லவே இல்லை. வாயில்தான் நீ கம்பி வைத்திருப்பாய் என்று தெரியும், அதனால் அடிப்பக்கத்தை ஆவியில் காட்டிப் பிரித்தேன். அதிகாரிகள் வருவதற்குள் அங்கேயும் ஒரு கம்பியை ஓட்டிவிடு."