ரொம்பச் சுத்தமான வாசிப்பு

சாமான் ஏற்றும் லிஃப்டில்தான் தியோஃபில் வந்தான். சிகாகோவின் அந்த ஓட்டலில் முன்பக்க லிஃப்ட் கறுப்பர்களுக்கு இல்லை. அவர்களுடைய இசைக்கு அந்தத் தடை கிடையாது.

பட்டப்பகல். நடன அரங்கில் நாற்காலிகளைக் கவிழ்த்துவிட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளையர் இசைக்குழுவின் தலைவர் ஹாலோவே அவனைத் தன் ஆட்களுக்குக் காட்டினார்.

"தெற்குப் பேட்டையில இவன் கிளாரினெட் அழுதா ஊரே அழுவுதாம். சனிக்கிழமை ரெக்கார்டு எடுக்க வர்றாங்க. அந்த அழுகை நமக்கு வேணும்."

ஜாஸைக் குளிப்பாட்டி, தலைவாரி, கோட்டு மாட்டி நல்ல குடும்பங்களுக்குள் அழைத்துவந்தவர் ஹாலோவே என்று பத்திரிகைகள் எழுதின. அது பிறந்த வீட்டைப் பற்றி அவை விசாரிக்கவில்லை.

அழக் கற்றுக்கொள்ள வேண்டியவன் ரஸ்ஸல், குழுவின் கிளாரினெட்காரன். தியோஃபில் உள்ளே வந்ததிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான்.

தியோஃபிலை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நின்றபடியே வாசித்தான்.

தரை துடைத்தவர்கள் கை ஓய்ந்து நின்றார்கள்.

"இப்ப நீ," என்றார் ஹாலோவே ரஸ்ஸலிடம்.

ரஸ்ஸல் வாசித்தான். ஒரு சுரமும் பிசகவில்லை. எதுவும் அழவுமில்லை.

மறுபடி வாசித்தான். பல்வலிக்காரன் கொட்டாவி விட்டதுபோல் இருந்தது. சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

"இதெல்லாம் ரத்தத்துல இருக்கணும்ப்பா," என்று பெருமூச்சு விட்டார் ஹாலோவே. வெள்ளைக்காரர்களுக்கு இப்படியொரு குறை இருப்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும்கூட.

தியோஃபில் ரஸ்ஸலை நிதானமாகப் பார்த்தான்.

"சாருக்கு இது வராதுங்க. வாசிப்பு ரொம்பச் சுத்தம். என்ன பாடுபட்டாலும் அழுக்காக்க முடியாது."

குழு சிரித்தது. ரஸ்ஸல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

தியோஃபில் குனிந்து கருவியைப் பெட்டிக்குள் வைத்தான். விழுந்த இசைத்தாளை எடுக்க ரஸ்ஸலும் குனிந்தான். அப்போது தியோஃபில், நியூ ஆர்லியன்ஸ் வீடுகளில் பேசும் பிரெஞ்சில், தலை நிமிராமல் சொன்னான்:

"அம்மா இன்னும் உனக்கும் சேர்த்துத்தாண்டா தட்டு வைக்கிறா."

ஒரே கிளாரினெட்டை மாற்றி மாற்றி ஊதி வளர்ந்தவர்கள். அம்மாவின் வெளுப்பு முழுவதும் தம்பிக்கு வந்தது, அப்பாவின் கறுப்பு அண்ணனுக்கு. அந்த வெளுப்பை வைத்துத்தான் தம்பி வெள்ளைக்காரனாக இந்தக் குழுவுக்குள் வந்திருந்தான். அந்த அழுகையை முதலில் ஊதிக் காட்டியவனே தம்பிதான்.

இன்று அப்படி ஊதியிருந்தால், ஹாலோவே இரண்டு முகங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்திருப்பார். அதை மோசமாக வாசிக்கத்தான் சட்டை நனைய உழைத்தான்.

தியோஃபில் திரும்பிப் பார்க்காமல் போனான்.

"என்னமோ முணுமுணுத்தானே?" என்றார் ஹாலோவே.

ரஸ்ஸல் தாளை மடித்தான்.

"யாருக்கு சார் தெரியும்? இவங்க பேசறது நமக்கு எங்க புரியுது?"