அவசரக்கார நத்தை

வயலில் பிறந்த நத்தைக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. பேச்சுத்துணைக்கு ஒரு மண்புழு. அதுவும் பாதி நாள் மண்ணுக்குள். "டவுனுக்குப் போனாத்தான் நமக்கு எதிர்காலம்" என்று கிளம்பிவிட்டது. வீடு முதுகிலேயே இருப்பதால் மூட்டை கட்டும் வேலை இல்லை என்று அதற்குக் கொஞ்சம் கர்வம் வேறு.

டவுனில் தின்ன முட்டைக்கோஸ் இலை கிடைத்தது, கூடவே மிதியும் கிடைத்தது. ஓட்டில் கீறல் விழுந்ததும், அமைதியைத் தேடிப் புறநகருக்கு ஊர்ந்தது. அது போய்ச் சேர்வதற்குள் அங்கே கடைவீதியே வந்துவிட்டது. "பேசாம வயலுக்கே போயிடலாம்" என்று திரும்பியது.

வயலில் வரிசையாகப் புது வீடுகள். வரப்பு இருந்த இடத்தில் ஒரு கல், கல்லடியில் ஒரு கிழட்டுத் தேரை.

"எப்ப இங்க குடிவந்தீங்க, அண்ணே?"

"நான் எங்கயும் போகலையே, தம்பி. முன்னாடி வயல்ல இருந்தேன், இப்போ புறநகர்ல இருக்கேன். கொஞ்ச நாள் போனா டவுன்ல இருப்பேன்."

நத்தைக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. "இந்த வேகத்தை வச்சுக்கிட்டு நான் ஊர் ஊரா ஓடினேன் பாருங்க! இனி இந்தக் கல்லை விட்டு அசைய மாட்டேன்."

இரண்டு நாள் அசையவில்லை. மூன்றாம் நாள் மெல்லத் தலையை நீட்டியது.

"எங்கே கிளம்பிட்டே?" என்றது தேரை.

"எங்கயும் இல்லண்ணே. கல்லுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் காத்தோட்டமா இருக்குமோன்னு..."

"போயிட்டு வா. நீ போய்ச் சேர்றதுக்குள்ள அங்கயும் ஒரு கடைவீதி வந்திரும்."